நெற்றிக்கு ஏறிய விளக்கு

வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு என்றுதான் உங்களோடு பேசுவேன். இன்றைக்கு ஒரு விளக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். வாரச் சந்தையில் ரப்பர் பட்டையோடு தொங்குகிறதே, தலையில் மாட்டிக்கொள்ளும் லைட்டு, அதைப் பற்றித்தான். "என்னங்க இது, விவசாயத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஒரு நடந்த கதையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் வட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஐம்பது வயசுக்கு மேல். நெல்லும் கொஞ்சம் வாழையும் வைத்திருந்தார். அந்த வாரம் அவர் ஊருக்கு மும்முனை மின்சாரம் ராத்திரி முறை. பன்னிரண்டு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, மடை மாற்ற வரப்பில் போயிருக்கிறார். கையில் மூணு கட்டை பேட்டரி லைட். மடையை அடைக்க மண் வெட்டிப் போட வேண்டும். மண்வெட்டிக்கு இரண்டு கையும் வேண்டுமே! கக்கத்தில் இடுக்கிப் பார்த்தார், நழுவியது. கடைசியில் லைட்டை வரப்பு மேல் வைத்துவிட்டு மண்ணை வெட்டினார். வெளிச்சம் ஒரு பக்கம், அவர் கால் இன்னொரு பக்கம். பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தார். கண்ணாடி விரியன்.

நல்ல வேளை, மகன் தாமதம் செய்யாமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். உயிர் பிழைத்தது. ஆனால் கடித்த இடம் அழுகி, வலது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போனபோது அவர் என்னிடம் சொன்னார்: "லைட்டு இருந்துச்சு சார். கைதான் இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்குள் இருநூறு, முந்நூறு வருஷச் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

கை இரண்டு, வேலைக்கும் இரண்டு

நம் பெரியவர்கள் இருட்டில் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? தீப்பந்தம். பிறகு அரிக்கன் விளக்கு. அதன் பிறகு பேட்டரி லைட். எல்லாமே ஒரு கையைப் பிடித்துக்கொள்கிற சாமான்கள். விளக்கு பிடிக்க ஓர் ஆள், வேலை செய்ய ஓர் ஆள் என்று இரண்டு பேராய்ப் போனால்தான் காரியம் நடக்கும்.

"கல்யாண ஊர்வலத்துல பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில தூக்கிக்கிட்டுப் போவாங்களே" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த வெளிச்சம் மாப்பிள்ளைக்கும் ஊருக்கும். சுமக்கிறவர் ஒரு கையால் அதைப் பிடித்தபடியேதான் நடக்க வேண்டும். அது தலைச்சுமை. நாம் பேசுவது, மாட்டிக்கொண்டவரின் கையை விடுவிக்கிற விளக்கைப் பற்றி.

இந்தக் கட்டாயம் முதலில் வந்தது வயலுக்கு அல்ல, சுரங்கத்துக்கு. பூமிக்குள் பகலும் இருட்டுத்தான். உளி பிடிக்க ஒரு கை, சுத்தியல் பிடிக்க ஒரு கை. ஏணியில் ஏறி இறங்கவும் இரண்டு கை. விளக்கை எங்கே வைப்பது? இங்கிலாந்தில் கார்ன்வால் என்ற பகுதியில் தகரத் தாதும் செம்புத் தாதும் வெட்டிய தொழிலாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கெட்டியான தொப்பியின் முன்பக்கம் ஒரு உருண்டைக் களிமண்ணை அப்பி, அதில் கொழுப்பு மெழுகுவர்த்தியைக் குத்தி வைத்துக்கொண்டார்கள். மாற்று வர்த்திகளைச் சட்டைப் பொத்தானில் திரியால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார்கள். தொழிலாளி தன் கைக்கு விடுதலை தேடித் தானே செய்துகொண்ட ஏற்பாடு அது.

நெருப்பு வைத்த சோதனை

தகரச் சுரங்கத்தில் இது நடந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்காது. காரணம் மீத்தேன் வாயு. உங்கள் வீட்டுச் சாண எரிவாயுக் கலனில் அடுப்புக்கு வருகிறதே, அதே வாயுதான். நிலக்கரிப் பாறையிலிருந்து கசிந்து, காற்றோடு ஒரு அளவுக்குக் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

1812 மே 25-ஆம் தேதி, வடகிழக்கு இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. அதன் பிறகுதான் "வெடிக்காத விளக்கு வேண்டும்" என்ற பேச்சு பலமாக எழுந்தது. கிளானி என்ற மருத்துவரும், பின்னாளில் ரயில் எஞ்சினால் பேர் பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சனும் ஆளுக்கொரு விளக்கு செய்தார்கள். 1815-ல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி செய்த விளக்கு மிகவும் பேர் வாங்கியது.

அதன் சூட்சுமம் எளிது. சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. வாயு உள்ளே போய் எரியலாம். ஆனால் அந்தச் சூட்டைக் கம்பி இழுத்துப் பரப்பிவிடுவதால், சுடர் வலையைத் தாண்டி வெளியே வராது. டேவி இதற்குக் காப்புரிமை கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, அத்தோடு ஆபத்து ஒழிந்ததா? இல்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள். "பாதுகாப்பு விளக்கு வந்துவிட்டதே" என்று, அதுவரை வாயு பயத்தில் மூடி வைத்திருந்த குடைவுகளிலெல்லாம் ஆட்களை இறக்கினார்கள் முதலாளிகள். வலை துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, காற்று வேகமாக அடித்தாலோ சுடர் வெளியே வந்தது. வெடிவிபத்துகள் குறையவில்லை. விளக்கு நல்லதுதான். அதை நம்பி மனுஷன் எங்கே போகிறான் என்பதில்தான் விஷயம்.

இன்னொரு குறையும் இருந்தது. வலைக்குள் இருக்கும் சுடர் மங்கல். வருஷக்கணக்கில் அந்த அரையிருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை பார்த்தவர்களுக்குக் கருவிழி தானாக ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு கண்நோய் வந்தது. அது மட்டுமல்ல, டேவி விளக்கு கையில் தூக்கும் விளக்கு. நெற்றியில் இருந்த வெளிச்சம் மறுபடி கைக்கு இறங்கிவிட்டது. ஆபத்தில்லாத விளக்கு கையைக் கட்டியது. கையை விட்ட விளக்கு ஆபத்தாய் இருந்தது. இந்த இழுபறி அடுத்த நூறு வருஷம் நீடித்தது.

எண்ணெயும் கார்பைட் கல்லும்

1850 வாக்கில் ஸ்காட்லாந்தில் தொப்பியில் கொக்கி போட்டு மாட்டும் சிறு எண்ணெய் விளக்கு வந்தது. தேநீர்க் கெண்டிபோல் ஒரு மூக்கு, அதில் திரி. வாயு குறைந்த சுரங்கங்களில் இது பரவி அமெரிக்கா வரை போனது. புகையோ புகை. நாள் முழுவதும் முகத்துக்கு நேரே புகையும் விளக்கோடு மூச்சு விட வேண்டும்.

வெறும் சுடரின் ஆபத்து வாயுவோடு முடியாது. நம்மைப் போன்ற விவசாயிகளுக்குச் சட்டென்று புரிகிற விபத்து ஒன்று அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் செர்ரி என்ற ஊரில் நடந்தது. 1909 நவம்பர் 13. அந்தச் சுரங்கத்தில் மின்விளக்கு இருந்தது. அந்தச் சமயம் அது பழுதாகிக் கிடந்ததால் மண்ணெண்ணெய்ப் பந்தங்களை வைத்திருந்தார்கள். உள்ளே வண்டி இழுக்கும் கோவேறு கழுதைகளுக்காக வைக்கோல் வண்டி ஒன்று போயிற்று. பந்தத்திலிருந்து தீ வைக்கோலில் விழுந்தது. 259 பேர் இறந்தார்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அரிக்கன் விளக்கை வைக்காதே என்று நம் அம்மா, பாட்டி சொன்னது எவ்வளவு பெரிய பாடம் பாருங்கள்.

இதற்கிடையில் கார்பைட் கல் வந்துவிட்டது. ஆமாம், மாங்காயைப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல். அப்படிப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1892-ல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் என்பவர் மின் உலையில் அலுமினியம் செய்யப் பார்த்தபோது தற்செயலாகக் கிடைத்தது இது. இதன் மேல் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அது பளீரென்று வெள்ளையாய் எரியும். 1900-ல் ஃபிரெடரிக் பால்ட்வின் கார்பைட் விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல். சொட்டுச் சொட்டாய் விழும் தண்ணீரால் வாயு கிளம்பி, சிறு துளை வழியே வந்து எரியும். பின்னால் பளபளப்பான ஒரு தகட்டு வட்டம். தண்ணீரைக் கூட்டினால் வெளிச்சம் கூடும், குறைத்தால் குறையும்.

கையடக்கமான இந்த விளக்கு சுரங்கத்தோடு நிற்காமல் ரப்பர் தோட்டத்துக்கும் போயிற்று. இங்கேதான் நம் ஜனங்கள் கதைக்குள் வருகிறார்கள். மலேயாவுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்கள் விடிவதற்கு முன்னாலேயே பால்மரம் சீவக் கிளம்புவார்கள். வெயில் ஏறாத நேரத்தில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் நன்றாக இருக்கும், பாலும் நன்றாக வடியும். பட்டையை அளவாகச் சீவ ஒரு கையால் மரத்தைத் தொட்டு மறு கையால் கத்தியை ஓட்ட வேண்டும். ஆழம் போனால் மரம் கெட்டுவிடும். அதனால் விளக்கு நெற்றிக்கு ஏறியது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களிலும் விடியற்காலையில் நெற்றியில் வெளிச்சத்தோடு நடமாடும் தொழிலாளர்களைப் பார்க்கலாம்.

மின்சாரம் தலைக்கு வந்தது

ஆனால் கார்பைட் விளக்கிலும் எரிவது வெறும் சுடர்தானே? 1912-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஜெட் என்ற நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே மீட்புக்குப் போன ஜான் ரயன் என்ற சுரங்கப் பொறியாளர், சுடரே இல்லாத விளக்குதான் இதற்கு முடிவு என்று கருதினார். அவரும் ஜார்ஜ் டெய்க் என்ற சக பொறியாளரும் தாமஸ் எடிசனிடம் போனார்கள். எடிசன் ஏற்கெனவே இரும்பும் நிக்கலும் சேர்ந்த, மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய ஒரு பேட்டரியைச் செய்து வைத்திருந்தார். 1914-ல் தொப்பி விளக்கு தயாரானது. பேட்டரி இடுப்பில், விளக்கு தொப்பியில், நடுவில் ஒரு வயர். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 12 மணி நேரம், அதாவது ஒரு ஷிப்டு முழுவதும் எரியும். 1915-ல் அமெரிக்க அரசின் சுரங்கத் துறை இதை அங்கீகரித்தது. கையும் விடுதலை, வெடிக்கிற பயமும் இல்லை. நூறு வருஷ இழுபறிக்கு அப்போதுதான் விடிவு பிறந்தது.

இந்த விளக்கோடும் நம்மவர்கள் இறங்கியிருக்கிறார்கள். கோலார் தங்கவயல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் வெட்டத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் ஏராளமாகப் பிழைக்கப் போயின. மழை பொய்த்துப் போன விவசாயிகளும் அதில் உண்டு. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து அந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. அந்த நாளில் நம் கிராமங்களில் அகல் விளக்குதான். தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம். 2001 பிப்ரவரி 28-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. பிற்காலத்தில் அங்கே இறங்கிய நம் ஜனங்களின் தலையில் எரிந்தது மின்சாரத் தொப்பி விளக்குதான்.

சொட்டு நீலமும் வெள்ளை வெளிச்சமும்

"அப்படின்னா நமக்கு ஏன் இது இவ்வளவு தாமதமா வந்துச்சு?" என்று கேட்கலாம். காரணம் கனமும் விலையும். உலர் பேட்டரியில் எரியும் கைவிளக்குக்கு 1899-லேயே அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தாகிவிட்டது. ஆனால் பழைய குண்டு பல்புக்குள் கம்பி சூடாகித்தான் வெளிச்சம் வரும். நூறு பங்கு மின்சாரத்தில் ஐந்து பங்குகூட வெளிச்சமாகாது, மீதியெல்லாம் சூடு. அதனால்தான் நம் மூணு கட்டை லைட் இரண்டு ராத்திரியில் மங்கிப் போனது. அத்தனை கட்டையைத் தலையில் கட்டினால் கழுத்து தாங்காது.

இதை மாற்றியது எல்.இ.டி. இதில் சூடாகும் கம்பி இல்லை. ஒரு சிறு படிகத் துண்டே வெளிச்சம் விடும். 1962-ல் சிவப்பு வெளிச்சம் தரும் எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்தார். வெள்ளை வேண்டுமானால் நீல வெளிச்சம் வேண்டும். அது கிடைக்க 30 வருஷம் ஆனது. 1993-ல் ஜப்பானில் நகமுரா என்பவர் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். அதன் மேல் மஞ்சளாய் ஒளிரும் ஒரு பூச்சைப் பூசி, 1996-ல் வெள்ளை விளக்கைக் கொண்டு வந்தார்கள். மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் எப்படி வெள்ளை? மஞ்சளேறிய வேட்டியைச் சொட்டு நீலத்தில் அலசினால் வெள்ளையாய்த் தெரிகிறதல்லவா, அப்படித்தான். நீல எல்.இ.டி.க்கு வழி செய்த அகசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1991-ல் விற்பனைக்கு வந்த லித்தியம் பேட்டரி கனத்தையும் குறைத்தது. இடுப்பில் தொங்கிய பேட்டரி நெற்றிப் பட்டைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இன்றைக்கு மதுரை, திண்டுக்கல் பக்கம் விடியற்காலை மல்லிகைத் தோட்டத்தைப் பாருங்கள். இருட்டில் மின்மினி மாதிரி வெளிச்சங்கள் வரிசை வரிசையாய் நகரும். மொட்டு விரிவதற்குள் பறித்து, விடிவதற்குள் பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். பெண்கள் தலையில் லைட்டைக் கட்டி, இரண்டு கையாலும் மொட்டுக் கிள்ளுகிறார்கள். கார்ன்வால் தொழிலாளி களிமண்ணில் குத்திய அந்த மெழுகுவர்த்திதான் மதுரை மல்லித் தோட்டத்தில் வந்து நிற்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்

2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

முதலாவது, ராத்திரி வயலில் வேலை செய்கிறவர் ஒவ்வொருவரும் தலைவிளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மடை மாற்றும்போதும், கன்று ஈனும் மாட்டைப் பார்க்கும்போதும், வீட்டில் ஃபியூஸ் போடும்போதும் இரண்டு கையும் உங்களுடையதாக இருக்கும். ஆனால் ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். அதற்கு எந்த விளக்கும் பரிகாரம் இல்லை.

இரண்டாவது, பலருக்குத் தெரியாதது. கண்ணுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருந்தால், தரையில் கிடக்கும் பொருளின் நிழல் அதற்குப் பின்னாலேயே மறைந்துவிடும். மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகத் தெரியும். வரப்பு நிறத்திலேயே கிடக்கும் விரியன் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே நடக்கும்போது பேட்டரி லைட்டை இடுப்புக்குக் கீழே தாழப் பிடித்து, நிழல் விழும்படி பார்த்து நடங்கள். மறு கையில் ஒரு தடி இருக்கட்டும், தட்டிக்கொண்டே போங்கள். நின்று வேலை செய்யும்போது தலைவிளக்கு. ஒன்றுக்கு ஒன்று துணை.

மூன்றாவது, லித்தியம் பேட்டரி உப்பிப் போனால் தூக்கிப் போடாமல், எரிக்காமல், பழைய பேட்டரி வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். தலையணைக்கு அடியிலும் வைக்கோல் பக்கத்திலும் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். செர்ரி சுரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, டேவி விளக்கின் பாடம். பாதுகாப்பு வந்ததென்று ஆபத்தான குடைவுக்குள் இறங்கினார்களே, அதுபோல நாமும் "லைட்டுதான் இருக்கே" என்று வெறுங்காலோடு புதருக்குள் போகக் கூடாது. காலில் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் கடித்துவிட்டால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், மந்திரிக்க வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், நேரே விஷமுறிவு மருந்துள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் சொன்ன அந்தப் பெரியவர் பிறகும் பல வருஷம் விவசாயம் பார்த்தார். தலையில் மாட்டும் லைட்டு எங்கள் பக்கத்துச் சந்தைக்கு வந்தபோது, முதலில் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒருநாள் ராத்திரி அவர் வயல் வழியாக வந்தேன். நொண்டிக் காலோடு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, நெற்றியில் வெளிச்சத்தோடு இரண்டு கையாலும் மண்வெட்டி பிடித்து மடை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார். வெளிச்சம் என் கண்ணில் அடிக்க, சட்டென்று கையால் விளக்கை மூடிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க சார்" என்றார்.

உங்களுக்கும் அதைத்தான் கடைசியாகச் சொல்கிறேன். எதிரில் ஆள் வந்தால் விளக்கைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அவருக்கும் வழி தெரிய வேண்டுமல்லவா?